பழைய ஆன்டிவைரஸ்: ரெனியூ பண்றதா, புதுசு போடுறதா, தூக்கிடுறதா?

வலது பக்கம் கீழ செவப்பா ஒரு பொட்டி எந்திரிச்சு "உங்க பாதுகாப்பு முடிஞ்சிருச்சு"ன்னு சொன்னா நம்மாளுக ரெண்டுல ஒண்ணு பண்றாய்ங்க. ஒண்ணு, எக்ஸ் போட்டு மூடிட்டு வருசக்கணக்கா அப்படியே ஓட்டுறாய்ங்க. இல்லைனா நேரா டவுன்ஹால் ரோட்டுக்குப் போயி கடைக்காரர் எந்த டப்பாவை எடுத்துக் குடுக்குறாரோ அதை வாங்கிட்டு வந்து பழசுக்கு மேலயே ஏத்திடுறாய்ங்க, அப்புறம் சிஸ்டம் ஆமையா நகருதுன்னு எனக்கு போன் வரும். நான் மதுரைக்குள்ளயும் திருமங்கலம், மேலூர் பக்கமும் கடைகள்லயும் வீடுகள்லயும் சிஸ்டம் பாக்குறவன், இந்த ரெனியூவல் கேள்வி வராத வாரம் கிடையாது. கேக்குறவங்க எல்லாரும் "எது வாங்கலாம்"னுதான் ஆரம்பிக்கிறாங்க. அதுக்கு முன்னாடி "எது பழசாயிருக்கு"ன்னு பாத்துட்டா பாதிப் பேருக்கு வாங்குற வேலையே இருக்காது.

ஏன்னா ஆன்டிவைரஸ் பழசுன்னு சொன்னா அதுக்குள்ள நாலு விசயம் இருக்கு. முதல்ல டெஃபனிஷன், அதாவது தெரிஞ்ச வைரஸ்களோட பட்டியல், இது ஒரு நாளைக்குப் பல தடவை கூட மாறும். ரெண்டாவது எஞ்சின், அந்தப் பட்டியலை வச்சு ஃபைலை சோதிக்கிற புரோகிராம். மாட்டுத்தாவணி அவுட்போஸ்ட்ல ஒட்டிருக்க திருடன் போட்டோதான் டெஃபனிஷன், அங்க நிக்கிற கான்ஸ்டபிளோட கண்ணுதான் எஞ்சின்னு வச்சுக்கோங்க, போட்டோ புதுசா இருந்தாலும் கண்ணு மங்கிருந்தா ஆள் தப்பிச்சுருவான், போட்டோவுல இல்லாதவனை முழியை வச்சே பிடிக்கணும்னா கண்ணுதான் வேணும். மூணாவது லைசென்ஸ், இது வெறும் பணக் கணக்கு. நாலாவது அதுக்கெல்லாம் அடியில கிடக்குற விண்டோஸ். இந்த நாலாவதுதான் முக்கியம், அதைத்தான் யாரும் பாக்குறதே இல்ல.

அதனால ஆன்டிவைரஸை அப்படியே விட்டுட்டு முதல்ல விண்டோஸைப் பாருங்க. கீபோர்டுல விண்டோஸ் கீயை அமுக்கிக்கிட்டே ஆர் அமுக்குனா சின்னதா ஒரு பெட்டி வரும், அதுல டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர்னு ஆறு எழுத்தையும் சேர்த்து அடிச்சு என்டர் தட்டுங்க. விண்டோஸ் எத்தனைன்னு பெருசாவும், கீழ வெர்ஷன் நம்பரும் காட்டும். அதை ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, அடுத்த அரை மணி நேரத்துக்கு அது தேவைப்படும்.

விண்டோஸ் எக்ஸ்பி, 7, 8.1 வந்துச்சுன்னா

இன்னுமா எக்ஸ்பி இருக்குன்னு சிரிக்காதீங்க, எடைமேடை, பழைய லேப் மெஷினு, லேத் பட்டறைன்னு அங்கிட்டு இங்கிட்டு இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் அப்டேட் குடுக்குறதை நிறுத்துனது 2014 ஏப்ரல் 8. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14, கம்பெனிகளுக்குக் காசுக்குக் குடுத்துக்கிட்டு இருந்ததும் 2023 ஜனவரி 10-ஓட முடிஞ்சு, அதே நாள்ல 8.1-ம் போயிருச்சு. குரோம் கூட 109-ஆம் வெர்ஷனோட விண்டோஸ் 7-ஐக் கை கழுவிருச்சு.

இந்த மாதிரி சிஸ்டத்துக்கு ஆன்டிவைரஸ் வாங்குறது காசுக்குக் கேடு, இதுல நான் கறாரா இருப்பேன். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில விண்டோஸ் 7, 2 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க், அதுல டாலிங்குற கணக்கு சாஃப்ட்வேர், அதே சிஸ்டத்துல பேங்க் நெட் பேங்கிங், அதே சிஸ்டத்துல சாயங்காலம் பையன் வந்து பாட்டு டவுன்லோடு. முதலாளி ஐயா கேக்குறாரு, "தம்பி, மூணு வருசத்துக்கு நல்லதா ஒண்ணு போட்டு விட்டுரு." அவருகிட்ட சொன்னதுதான் இங்கயும் சொல்றேன். ஆன்டிவைரஸ் வேலை ஃபைலைப் பாக்குறது. விண்டோஸ்லயே ஓட்டை இருந்தா அது வழியா வர்றவன் ஃபைலா வரணும்னு அவசியமே இல்ல. 2017 மே மாசம் வான்னாக்ரைன்னு ஒரு வைரஸ் வந்து 150 நாட்டுக்கு மேல ஆட்டுச்சே, அது யாரும் எதையும் கிளிக் பண்ணாமயே நெட்வொர்க் வழியா ஒரு சிஸ்டத்துல இருந்து இன்னொண்ணுக்குத் தாவுச்சு. அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாசமே விட்டுருச்சு, போட்டவய்ங்க தப்பிச்சாய்ங்க, போடாம விட்டவய்ங்க மாட்டுனாய்ங்க. அப்டேட்டே வராத விண்டோஸ்ல அடுத்து ஒரு ஓட்டை தெரிஞ்சா அது தெரிஞ்ச நாள்ல இருந்து தொறந்தே கிடக்கும்.

இன்னொரு தொல்லையும் இருக்கு. 2019-ல மைக்ரோசாஃப்ட் அப்டேட்டுகளுக்குப் போடுற டிஜிட்டல் கையெழுத்தை எஸ்எச்ஏ-2ங்குற முறைக்கு மாத்திருச்சு, மத்த கம்பெனிகளும் அங்கிட்டே போயிட்டாங்க. விண்டோஸ் 7-ல சர்வீஸ் பேக் 1-ங்குற பெரிய அப்டேட்டும், இந்தக் கையெழுத்துக்குண்டான அப்டேட்டும் இல்லைனா புது ஆன்டிவைரஸ் பாதியில நின்னுரும், இல்ல இன்ஸ்டால் ஆகி அப்டேட் ஆகாது. கடையில டப்பா பிரிச்சாச்சு, கீ சுரண்டியாச்சு, திருப்பி வாங்க மாட்டாங்க. அதனால டப்பா பின்னாடி எந்தெந்த விண்டோஸ்னு போட்டுருக்குறதைப் படிச்சுட்டு வாங்குங்க.

அப்ப அந்த சிஸ்டத்தை என்னதான் பண்றது? மாத்த முடியாத மெஷினு, அதாவது எடைமேடை மாதிரி அந்த சாஃப்ட்வேர் வேற எதுலயும் ஓடாதுன்னா நெட் வயரைப் பிடுங்குங்க, வைஃபையை ஆஃப் பண்ணுங்க, பென்டிரைவ் ஒண்ணை அதுக்குன்னே ஒதுக்கி வேற எங்கயும் குத்தாதீங்க, இருக்குற ஆன்டிவைரஸ் இருந்துட்டுப் போகட்டும். நிறைய கம்பெனிக டெஃபனிஷனைத் தனி ஃபைலா அவங்க சைட்லயே வச்சிருப்பாங்க, வேற சிஸ்டத்துல இறக்கி அந்த பென்டிரைவ்ல கொண்டு வந்து போட்டுக்கலாம். மாத்த முடியும்னா ஆன்டிவைரஸுக்கு ஒதுக்குன காசோட இன்னும் கொஞ்சம் சேத்து விண்டோஸை மாத்தி, பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா வேகமான எஸ்எஸ்டி போடுங்க. ஜவுளிக்கடை ஐயா முதல்ல மொகத்தைச் சுளிச்சாரு, பெறகு எஸ்எஸ்டி போட்டதும் டாலி தொறக்குற வேகத்தைப் பாத்துட்டு வீட்டு சிஸ்டத்தையும் தூக்கிட்டு வந்துட்டாரு.

விண்டோஸ் 10 வந்துச்சுன்னா

மதுரையில பாதி சிஸ்டம் இந்த வகைதான்னு என் அனுபவத்துல சொல்லுவேன், அதுவும் செகண்ட்ஸ்ல வாங்குன ஆபீஸ் மெஷினுக. விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சிருச்சு. ஆனா வீட்டு உபயோகத்துக்கு இன்னொரு வருசம், 2026 அக்டோபர் 13 வரைக்கும், செக்யூரிட்டி அப்டேட் மட்டும் நீட்டிச்சுக் குடுத்துருக்காங்க, இஎஸ்யூன்னு பேரு. நம்மளா சேர்ந்தாத்தான் கிடைக்கும். செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் பக்கம் போனா அதுல சேர்றதுக்கு ஒரு லிங்க் தெரியும், வெர்ஷன் 22எச்2-வா இருக்கணும், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல உள்ள போயிருக்கணும். செட்டிங்ஸை அந்த அக்கவுன்ட்டோட சிங்க் பண்ணி விட்டா பைசா கிடையாது, வேணாம்னா ரிவார்ட்ஸ் பாயின்ட் 1000, அதுவும் இல்லைனா 30 டாலர். ஒரே அக்கவுன்ட்ல 10 சிஸ்டம் வரைக்கும் சேக்கலாம். இதெல்லாம் வீட்டுக்கு, கம்பெனி சர்வரோட டொமைன்ல கோத்த சிஸ்டத்துக்கு இது செல்லாது, அதுக்குத் தனி ரேட்டு.

இதுக்கு நடுவுல நிறைய பேரைக் குழப்புற விசயம் ஒண்ணு. விண்டோஸோடவே வர்ற டிஃபெண்டர்ங்குற ஆன்டிவைரஸுக்கு விண்டோஸ் 10-ல 2028 அக்டோபர் வரைக்கும் டெஃபனிஷன் குடுக்குறதா மைக்ரோசாஃப்ட் சொல்லிருக்கு. அதைப் படிச்சுட்டு "2028 வரைக்கும் கவலை இல்லை"ன்னு ஒரு கூட்டம் திரியுது. அது கான்ஸ்டபிளுக்குப் போட்டோ வரும்ங்குறது மட்டும்தான், விண்டோஸ்ல விழுகுற ஓட்டையை அடைக்க மாட்டாங்க. சேர்ந்தா இஎஸ்யூ தேதி வரைக்கும் நிம்மதி, அதுக்குள்ள சிஸ்டம் விண்டோஸ் 11 தாங்குமான்னு பாத்துக்கணும். அதுக்கு இன்டெல்னா 8-வது ஜெனரேஷனாவது வேணும், டிபிஎம் 2.0-ங்குற பாதுகாப்புச் சிப்பு, 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம். செகண்ட்ஸ்ல வர்ற 4-வது, 6-வது ஜெனரேஷன் மெஷினெல்லாம் இதுல பாஸ் ஆகாது, குறுக்கு வழியில ஏத்தித் தர்றேன்னு சொல்ற ஆளுக இருக்காய்ங்க, ஏறும், ஆனா மைக்ரோசாஃப்ட் அதுக்குப் பொறுப்பேத்துக்காது, அடுத்த பெரிய அப்டேட்ல என்ன ஆகும்னு யாரும் உத்தரவாதம் குடுக்க மாட்டாங்க.

விண்டோஸ் 11 இருக்கவங்களுக்கு மேல சொன்னது வேணாம், நேரா இங்க இருந்து வாங்க.

இப்ப ஆன்டிவைரஸ் கணக்குக்கு வருவோம்

ஸ்டார்ட்ல விண்டோஸ் செக்யூரிட்டின்னு தேடித் தொறந்து முதல் கட்டத்துக்குள்ள, அதான் வைரஸ் அன்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்குள்ள போங்க. யாரு காவல் காக்குறான்னு பேரு அங்க இருக்கும். வெளி ஆன்டிவைரஸ் ஒண்ணு போட்டிருந்தா டிஃபெண்டர் தானா ஒதுங்கிக்கும், அது முடிஞ்சு போனா மறுபடி எந்திரிக்கணும், அதுதான் முறை. ஆனா நான் பாக்குற சிஸ்டங்கள்ல லைசென்ஸ் முடிஞ்ச ஆன்டிவைரஸே அந்த இடத்துல உக்காந்துக்கிட்டு தானும் பாக்காம, டிஃபெண்டரையும் விடாம கிடக்குறது சாதாரணம். அதனால மூணாவதா ஒரு ஆள் சொன்னான்னு நம்பாதீங்க, நீங்களே கண்ணால பாருங்க. பேரு பக்கத்துல பச்சை டிக் இருக்கா, கடைசியா அப்டேட் ஆன தேதி என்ன. தேதி ஒரு வாரத்துக்கு மேல பழசுன்னா காவல் இல்லைன்னே வச்சுக்கோங்க.

அடுத்து அந்த ஆன்டிவைரஸையே தொறந்து அபௌட்ங்குற இடத்துக்குப் போனீங்கன்னா புரோகிராம் வெர்ஷன் தனியா, டேட்டாபேஸ் தேதி தனியா, லைசென்ஸ் முடியிற தேதி தனியா இருக்கும். இங்கதான் முடிவு எடுக்குறது. தேதி புதுசு, வெர்ஷன் பழசு, லைசென்ஸ் இன்னும் இருக்குன்னா காசே வேணாம், முக்காவாசிக் கம்பெனிக லைசென்ஸ் இருக்கும்போது புது வெர்ஷனைச் சும்மாவே குடுப்பாங்க, அவங்க சைட்டுக்குப் போயி அதே கீயைப் போட்டு ஏத்திக்கிட வேண்டியதுதான். இது தெரியாம புது டப்பா வாங்குனவங்க ஏராளம். லைசென்ஸ் இருக்கு ஆனா தேதி பழசு, அப்டேட் அமுக்குனா எர்ரர் வருதுன்னா முதல்ல சிஸ்டத்தோட கடிகாரத்தைப் பாருங்க, போர்டுல பேட்டரி போயி தேதி 2009-ன்னு நிக்கும், நூறு ரூபாய்க்குள்ள முடியுற வேலை. அதுவும் சரியா இருந்தா பெரும்பாலும் அந்த வெர்ஷனுக்கே கம்பெனி முழுக்குப் போட்டுருக்கும், மேல சொன்ன மாதிரி புது வெர்ஷனை ஏத்திப் பாருங்க. லைசென்ஸ் முடிஞ்சிருச்சு, விண்டோஸ் 10-ஓ 11-ஓ இருக்குன்னா, அடுத்த கேள்வி, காசு குடுத்து வாங்கணுமா?

டிஃபெண்டரே போதுமா?

வீட்டு சிஸ்டத்துக்குப் போதும். இதைச் சொன்னா "இவன் யாரு, சும்மா வர்றதைச் சொல்றான்"னு பாப்பாங்க. அதுக்குக் காரணம் இருக்கு, விண்டோஸ் 7-ல டிஃபெண்டர்னு இருந்தது ஸ்பைவேரை, அதாவது உளவு பாக்குற புரோகிராமை மட்டும் பாக்குற அரைகுறை, வைரஸுக்கு செக்யூரிட்டி எசன்ஷியல்ஸ்னு தனியா இறக்கிப் போடணும். 2012-ல விண்டோஸ் 8 வந்தப்பதான் முழு ஆன்டிவைரஸா உள்ளயே வந்துச்சு. அந்தக் காலத்துப் பேரு இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. இப்ப ஜெர்மனியில ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவுல ஏவி-கம்பேரட்டிவ்ஸ்னு ரெண்டு இடத்துல எல்லா ஆன்டிவைரஸையும் வரிசையா நிறுத்தி சோதிச்சு ரிசல்ட்டை சைட்ல போடுறாங்க, யாரு வேணாலும் பாக்கலாம், டிஃபெண்டர் காசு வாங்குறவங்களோட சரிக்குச் சரியா நிக்கிறது தெரியும். விளம்பரத்தைப் படிக்கிற நேரத்துல அதை ஒரு தடவை பாருங்க, ஒரே ஒரு மாசத்து ரிசல்ட்டை வச்சு முடிவு பண்ணிராதீங்க, ரெண்டு மூணு ரிசல்ட்டைச் சேத்துப் பாருங்க.

ஆனா அப்படியே விட்டா முழுப் பலன் கிடைக்காது, சில சுவிட்சைப் போடணும். ரியல் டைம், கிளவுட், டேம்பர் புரொடெக்‌ஷன் மூணும் ஆன்ல இருக்கணும். ஆப் அன்ட் பிரவுசர் கன்ட்ரோலுக்குள்ள ரெப்யூடேஷன்னு ஆரம்பிக்கிற செட்டிங்குக்குள்ள போயி தேவையில்லாத ஆப்பைத் தடுக்குறதை ஆன் பண்ணுங்க, இந்த டூல்பார், "டிரைவர் அப்டேட்டர்", "பிசி கிளீனர்" கழிசடையெல்லாம் அதுல நிக்கும். ரான்சம்வேர் புரொடெக்‌ஷன்ல ஃபோல்டர் பூட்டு ஒண்ணு இருக்கு (ரான்சம்வேர்னா ஃபைலைப் பூட்டி வச்சுட்டுக் காசு கேக்குற வைரஸ்), நல்ல சாமான்தான், ஆனா போட்ட அன்னைக்கே டாலியோ போட்டோஷாப்போ சேவ் ஆக மாட்டேங்குதுன்னு நிக்கும், அந்த புரோகிராமைப் பேரு சொல்லி அனுமதிச்சு விடணும், அதுக்குப் பொறுமை இருந்தா போடுங்க.

அப்படியே ரியல் டைம் சுவிட்ச் இருக்குற பக்கத்துல கீழ எக்ஸ்க்ளூஷன்ஸ்னு, அதாவது சோதிக்காம விடுற எடங்களோட லிஸ்ட் ஒண்ணு இருக்கும், அதைத் தொறங்க. ஃபிளக்ஸ் அடிக்கிற கடை, கல்யாண ஆல்பம் டிசைன் பண்ற கடை ஆளுகளுக்கு இதைக் குறிப்பா சொல்றேன். மதுரையில ஃபிளக்ஸுக்குக் குறைச்சலா, டிசைனிங் சாஃப்ட்வேரு முக்காவாசி கிராக்குதான், அதாவது காசு கட்டாம பூட்டை உடைச்ச காப்பி, கிராக்கைப் போடுறவன் என்ன பண்றான், ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுறான், இல்ல டி டிரைவ் முழுசையும் எக்ஸ்க்ளூஷன்ல போட்டு விட்டுட்டு இருநூறு ரூவா வாங்கிட்டுப் போயிடுறான். அதுக்கப்புறம் நீங்க உலகத்துலயே காஸ்ட்லியான ஆன்டிவைரஸை வாங்கி மேல வச்சாலும் அந்த மாதிரி கிராக் ஃபைல் வந்தா அதே ஆளு வந்து அதே வேலையைத்தான் பண்ணுவான். ஸ்டாப்னு, டிஜேவியூன்னு சொல்ற ரான்சம்வேர் குடும்பம் பரவுனதே பெரும்பாலும் கிராக், கள்ளக் கீ உண்டாக்குற கீஜென் வழியாத்தான். 2019-ல எம்சிசாஃப்ட் கம்பெனி அதுல பழைய வகைகளுக்குச் சாவி குடுத்துச்சு, அதுக்கப்புறம் வந்ததுல பலதுக்கு இன்னைக்கும் சாவி கிடையாது. முகூர்த்த நேரத்துல இருபது கல்யாணத்துப் போட்டோ பூட்டிக்கிட்டுப் போனா எந்த கம்பெனிக்கு போன் போட்டும் புண்ணியம் இல்ல. இந்தக் கடைகளுக்கு ஆன்டிவைரஸை விட ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் முக்கியம், காப்பி எடுத்ததும் கழட்டிப் பீரோவுல வைக்கிற மாதிரி.

காசு குடுத்து வாங்குறது யாருக்கு நியாயம்? நாள் பூரா அடுத்தவன் பென்டிரைவ் ஏறி இறங்குற கடைக்கு. கலெக்டர் ஆபீஸ் பக்கமோ காலேஜ் வாசல்லயோ ஜெராக்ஸ் கடை வச்சிருக்கவங்களைக் கேளுங்க. ஒரு பொண்ணு புராஜெக்ட் பிரின்ட் எடுக்கணும்னு பென்டிரைவைக் குடுக்குது, குத்துனா ஃபோல்டர் எல்லாம் இருக்கு, ஆனா ஒவ்வொண்ணு மூலையிலயும் சின்ன அம்புக்குறி. ஒரு ஃபோல்டரும் ஒரு கேபி, ரெண்டு கேபிக்கு மேல இல்ல. அது ஃபோல்டரே இல்ல, ஷார்ட்கட், நிஜ ஃபோல்டரை ஒளிச்சு வச்சுட்டு இது நிக்குது, டபுள் கிளிக் பண்ணா ஃபோல்டரும் தொறக்கும், பின்னாடியே வைரஸும் ஓடும், அதுக்கப்புறம் அந்தக் கடையில குத்துற ஒவ்வொரு பென்டிரைவும் இதே மாதிரி ஆயிரும். எக்ஸ்புளோரர்ல வியூவுக்குள்ள மறைஞ்ச ஃபைலைக் காட்டச் சொல்லி, ஆப்ஷன்ஸ்ல சிஸ்டம் ஃபைலை மறைக்கிற டிக்கையும் எடுத்தா நிஜ ஃபோல்டர் மங்கலா தெரியும், அதுக்குள்ள நேரா போயி பிரின்ட் குடுங்க, அம்புக்குறி பக்கமே போகாதீங்க. இந்த மாதிரி கடைக்கு பென்டிரைவ் குத்துன உடனே கேக்காம ஸ்கேன் பண்றது, வேணும்னா பென்டிரைவையே பூட்டுறது, நாலு சிஸ்டத்தையும் ஒரே எடத்துல இருந்து பாக்குறதுன்னு காசு வாங்குற ஆன்டிவைரஸ்ல வசதிக இருக்கு. புனேயில இருந்து வர்ற குவிக் ஹீல், நம்ம சென்னையில 1991-ல ஆரம்பிச்ச கே7, மும்பை இ-ஸ்கேன்னு நம்ம ஊரு ஆளுகளே இருக்காங்க, டீலர் பக்கத்துல இருக்குறது ஒரு லாபம்தான், பிரச்சனைன்னா தமிழ்ல பேசலாம். வெளிநாட்டு பிராண்டு மட்டம், உள்ளூர் பிராண்டு மட்டம்னு நான் சண்டைக்கு வரல, அந்த ரிசல்ட் சைட்டைப் பாத்து உங்க சிஸ்டத்துல எது இழுக்காம ஓடுதோ அதை எடுங்க. முக்காவாசி 30 நாள் டிரையல் குடுப்பாங்க, ராம் 4 ஜிபிக்குக் கீழ இருந்தா டிரையல் போட்டுப் பாக்காம டோட்டல் செக்யூரிட்டி மாதிரி பெரிய பேக் வாங்காதீங்க.

இலவச ஆன்டிவைரஸ் போடலாமான்னு கேப்பீங்க. டிஃபெண்டர் இருக்கும்போது எதுக்குன்னுதான் கேக்கத் தோணுது. அவாஸ்ட் கம்பெனி இலவசமா குடுத்துட்டு ஜம்ப்ஷாட்ங்குற துணைக் கம்பெனி வழியா ஆளுக எந்தெந்த சைட்டுக்குப் போறாங்கங்குற விவரத்தை வித்துச்சு, 2020 ஜனவரியில அது வெளிய வந்ததும் ஜம்ப்ஷாட்டை மூடுனாங்க, 2024-ல அமெரிக்காவுல நுகர்வோர் நலனைப் பாக்குற எஃப்டிசி 165 லட்சம் டாலர் கட்டச் சொல்லுச்சு.

காசு கட்டுற எடத்துல ஏமாறாம இருக்க

அந்தச் செவப்புப் பொட்டி நிஜமாவே ஆன்டிவைரஸ்ல இருந்துதான் வருதான்னு பாருங்க. மேல குரோம்னோ எட்ஜ்னோ போட்டு ஏதோ ஒரு சைட் அட்ரஸ் இருந்தா அது நோட்டிஃபிகேஷன் விளம்பரம், எப்பயோ ஒரு சைட்ல அலோன்னு அமுக்கிருப்பீங்க. பிரவுசர் செட்டிங்ஸ்ல நோட்டிஃபிகேஷன் லிஸ்டைத் தொறந்து அந்த சைட்டைத் தூக்குங்க, செவப்புப் பொட்டி அதோட போச்சு. முழு ஸ்கிரீனையும் மறைச்சுக்கிட்டு சத்தம் போட்டு ஒரு நம்பருக்குக் கூப்பிடச் சொன்னா கூப்பிடாதீங்க, எந்த ஆன்டிவைரஸும் அப்படி போன் பண்ணச் சொல்லாது, பவர் பட்டனை அமுக்கிப் பிடிங்க. எனிடெஸ்க், அதாவது தூரத்துல இருந்தே உங்க சிஸ்டத்தை இயக்குற சாஃப்ட்வேரைப் போடச் சொல்லி ரெனியூவல் காசைத் திருப்பித் தர்றேன்னு பேசுறவன் வேற ரகம். அவன்கிட்ட பணம் போயிருந்தா யோசிச்சுக்கிட்டு இருக்காம உடனே சைபர் கிரைம் உதவி நம்பர் 1930-க்கு அடிங்க.

கார்டுல கட்டுனா ஆட்டோ ரெனியூவல் டிக்கை எடுத்துருங்க. ரிசர்வ் பேங்க் விதிப்படி கார்டுல தானா எடுக்குற காசுக்கு 24 மணி நேரம் முன்னாடி பேங்க்ல இருந்து மெசேஜ் வரணும், அந்த மெசேஜை விளம்பரம்னு தள்ளி விட்டுராதீங்க. வாட்ஸ்ஆப்ல பாதி ரேட்டுக்கு வர்ற கீ பெரும்பாலும் பத்துப் பேரு பகுந்துக்கிட்ட கீயா இருக்கும், ரெண்டு மாசத்துல பிளாக் ஆயிரும். புது டப்பாவை விட ரெனியூவல் கீ பொதுவா கம்மி ரேட்டு, கடையில கேட்டாத்தான் எடுத்துக் குடுப்பாங்க.

மாத்துறதுன்னு முடிவானா

வெரசா முடிக்கிற வேலை இல்ல இது, பைய பண்ணுங்க. மாசாந்திர கரண்ட் ஷட்டவுன் என்னைக்குன்னு பாத்துட்டு அந்த நாளை விட்டுட்டு ஆரம்பிங்க, யூபிஎஸ் பேட்டரி நிக்கும்னு நம்ப வேணாம். முதல்ல டாலி டேட்டா, போட்டோ, டாக்குமென்ட் காப்பி. புது ஆன்டிவைரஸ் ஃபைலைக் கம்பெனி சைட்ல இருந்தே இறக்கி வச்சுக்கிட்டு, கீயைப் பேப்பர்ல எழுதிட்டு, அதுக்கப்புறம்தான் பழசை எடுக்கணும். ரெண்டு ஆன்டிவைரஸ் ஒரே சிஸ்டத்துல இருந்தா ஒவ்வொரு ஃபைலையும் ரெண்டும் பிடிச்சு இழுக்கும், டெஸ்க்டாப் வர்றதுக்கே டீ குடிச்சுட்டு வரலாம். சாதாரணமா அன்இன்ஸ்டால் பண்ணாலும் சில துண்டு உள்ளயே தங்கும், அதுக்குன்னே அந்தந்தக் கம்பெனி சைட்ல ரிமூவல் டூல் இருக்கும், அதை ஓட்டி, ரீஸ்டார்ட் பண்ணி, டிஃபெண்டர் பச்சை டிக் வந்துருச்சான்னு பாத்துட்டு புதுசைப் போடுங்க. டிஃபெண்டர் போதும்னு முடிவு பண்ணவங்களுக்கு இங்கயே வேலை முடிஞ்சு போச்சு.

புதுசு போட்டதும் அப்டேட் விட்டு ராத்திரி முழு ஸ்கேன். வேலை செய்யுதான்னு சோதிக்க எய்கார்னு ஒரு டெஸ்ட் ஃபைல் இருக்கு, 68 எழுத்துதான், வைரஸ் கிடையாது, ஆனா எல்லா ஆன்டிவைரஸும் அதைப் பிடிக்கணும்னு பொதுவா வச்சிருக்காங்க. எய்கார் சைட்ல இருந்து இறக்கப் பாருங்க, தடுத்துச்சுன்னா கான்ஸ்டபிள் முழிச்சிருக்காரு.

கடையில நாலஞ்சு சிஸ்டம் இருந்தா எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க. 2010 ஏப்ரல் 21-ல மெக்காஃபி விட்ட ஒரு டெஃபனிஷன் எக்ஸ்பியோட சொந்த ஃபைலையே வைரஸ்னு பிடிச்சு சிஸ்டங்களைப் படுக்க வச்சுச்சு, 2024 ஜூலை 19-ல கிரவுட்ஸ்டிரைக்ங்குற செக்யூரிட்டி கம்பெனி விட்ட அப்டேட்ல 85 லட்சம் விண்டோஸ் சிஸ்டம் நீல ஸ்கிரீன்ல நின்னு ஏர்போர்ட்டெல்லாம் தடுமாறுச்சு. அவ்வளவு பெரிய ஆளுகளுக்கே அப்படி. முக்கியமில்லாத ஒரு சிஸ்டத்துல போட்டு மூணு நாலு நாள் ஓட விடுங்க. அதுல டாலி மத்த சிஸ்டத்தோட பேசுதா, ஷேர் பண்ண பிரின்டர் அடிக்குதா, இ-சேவை மாதிரி ஆதார் கைரேகை மெஷினு இருந்தா அது ரெடின்னு காட்டுதான்னு பாருங்க. புது ஆன்டிவைரஸோட வர்ற ஃபயர்வால், அதாவது நெட்வொர்க் வாசல்ல நிக்கிற காவல், கடை நெட்வொர்க்கைப் பப்ளிக்னு எடுத்துக்கிட்டு பிரின்டரை மறைச்சுரும், அதை பிரைவேட்டுன்னு மாத்துனா வந்துரும், இதுக்கு சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டு முந்நூறு ரூவா குடுக்க வேணாம். எல்லாம் சரியா ஓடுச்சுன்னா மத்த சிஸ்டத்துக்குப் போங்க, பில்லிங் சிஸ்டத்தைக் கடைசியா வைங்க, அதையும் கடை அடைச்சதுக்கு அப்புறம்.